உயிர் காக்கும் வானொலி

"நேயர்களே, உயிர் காக்கும் அறிவிப்பு! மீனவர்கள் இன்று கடலுக்குள் செல்ல வேண்டாம்!"

கம்பீரமாக முழங்கிவிட்டு மைக்கை அணைத்தார், சமூக வானொலியின் இயக்குநர் நாகேந்திரன். அறிவிப்பாளர் சித்ரா மெல்ல ஆரம்பித்தாள்.

"சார், இதையே தினம் ஏழு தடவை சொல்றீக. என் டெங்கு நிகழ்ச்சிக்குப் பத்து நிமிசம் குடுங்களேன். எங்க தெருவுல நாலு பேரு காய்ச்சல்ல கெடக்காக."

"கொசுவாம்மா முக்கியம்? நம்ம வானொலி வந்து பத்து வருசத்துல இந்த ஊர்க்காரன் ஒருத்தனாவது கடல்ல மூழ்கியிருக்கானா?"

"இல்ல சார்."

"அந்தச் சாதனைக்குத்தான் நாளைக்கு டெல்லியில எனக்கு விருது. போயி அடுத்த அறிவிப்பை வாசி."

சித்ரா அதே மீனவர் எச்சரிக்கையை மறுபடியும் வாசித்தாள். எல்லா ஊர் வானொலிகளுக்கும் ஒரே அச்சில் வந்த நிகழ்ச்சிப் பட்டியலில் அப்படித்தான் போட்டிருந்தது.

காரைக்குடியில் கடல் கிடையாது.