வந்து சேராத டப்பா

"என் டப்பா எங்கடா?"

ஊரிலிருந்து வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிவிட்டுத்தான் கேட்டான் வக்கீல். படிப்பது என்னவோ கட்டடப் பொறியியல். அவன் வாய்க்கு அறைக்காரர்கள் வைத்த பெயர் அது.

லீவுக்கு ஊருக்குப் போயிருந்த சாமியார் அன்று காலையில்தான் திரும்பியிருந்தான். கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை. அதிகம் பேசாததால் அவன் சாமியார்.

"கஸ்டம்ஸ்ல பிடுங்கிட்டாங்கடா" என்றான்.

"என்னோடதை மட்டுமா?"

மூன்றாவது ஆள் மந்திரி. அறையில் சமையல் இலாகா அவனுடையது. தன் வீட்டிலிருந்து வந்த பலகார டப்பாவைத் திறந்து அப்போதுதான் ஒன்றை வாயில் போட்டிருந்தான். மெல்வதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான். வக்கீல் அவனைக் கை காட்டினான்.

"இவன் வீட்டு டப்பா கடல் தாண்டி வருது. எங்க வீட்டு டப்பா மட்டும் கஸ்டம்ஸ்காரனுக்குப் பிடிச்சுப்போச்சா? எங்கம்மா கைப்பக்குவம் அவன் வரைக்கும் தெரிஞ்சிருக்கா?"

மந்திரிக்குச் சிரிப்பு வந்தது. பலகாரத்தோடு சேர்த்து விழுங்கினான்.

"எண்ணெய் ஒழுகுதுன்னு சொன்னாங்க..." சாமியார் இழுத்தான்.

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லுடா."

சாமியார் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றக் குனிந்துகொண்டான்.

பொய்தான். வக்கீலுக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. ஏனென்றால், இதே பொய்யை அவனும் சொல்லியிருக்கிறான்.

போன வருஷம் ஊரிலிருந்து அவன் கிளம்பியபோது, சாமியாரின் அம்மா வீடு தேடி வந்து ஒரு டப்பா கொடுத்தார். விமான நிலையத்தில் எடை கூடிவிட்டது. புது ஷூவா, டப்பாவா என்று யோசித்தான். டப்பா குப்பைத்தொட்டிக்குப் போனது. இங்கே வந்து, "கஸ்டம்ஸ்ல பிடுங்கிட்டாங்கடா" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். சாமியார்தான் அவனைச் சமாதானம் செய்தான்.

இப்போது அதே வார்த்தை அவனுக்கே திரும்பி வந்திருக்கிறது. எப்படியோ தெரிந்துகொண்டு பழி தீர்க்கிறானோ? வாய்விட்டுக் கேட்கவும் வழியில்லை. அதனாலேயே கோபம் இரண்டு மடங்கானது.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"டப்பா கொடுத்தியாம்மா?"

"கொடுத்தேனேப்பா. ஏன், வரலையா?" அம்மாவின் பேச்சு குழறியது.

"என்னம்மா, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பல்லு வலிப்பா. வாயைத் திறக்க விட மாட்டேங்குது."

"வீடியோல வாயேன்."

"இங்க நெட்டு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நீ பரீட்சையைப் பாரு. கடைசிப் பரீட்சை, கோட்டை விட்டுடாதே. டப்பா போனா போகுது. அந்தப் பிள்ளையை ஒண்ணும் சொல்லாதே, என்ன?"

கடைசியில் சொன்னதுதான் வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. ஏமாந்த அம்மா, ஏமாற்றியவனுக்கே பரிந்து பேசுகிறாள்!

போனை வைத்துவிட்டு நேராகச் சாமியாரின் கட்டிலுக்குப் போனான்.

"அடுத்த மாசம் வேற ரூம் பார்த்துக்க."

"டேய், ஒரு டப்பாவுக்காடா?" என்றான் மந்திரி.

"டப்பாவுக்கு இல்ல. எங்கம்மா அடுப்படியில நின்னு வெந்தாளே, அதுக்கு. பெத்தவ கைப் பண்டத்தைத் தூக்கிப் போட்டவன் எல்லாம் மனுஷனா?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே விமான நிலையக் குப்பைத்தொட்டி நினைவுக்கு வந்தது. உதறிவிட்டான்.

சாமியார் போர்வையின் ஓரத்தை மடித்தான்.

"சரிடா" என்றான்.

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. சாமியார் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டு, வக்கீல் வருவதற்குள் தட்டைக் கழுவி வைத்துவிடுவான். மந்திரி மட்டும் இரண்டு பக்கமும் தூது போய் அலுத்துப்போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழுக்குத் துணிக்கூடையோடு வக்கீல் கீழ்த்தளத்துக்கு இறங்கினான். துணி துவைக்கும் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சாமியார். ஓடுகிற மிஷினில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். காதில் போன்.

"திட்டினா திட்டட்டும்மா. உங்க பையன்தானே, எனக்கொண்ணும் இல்ல."

வக்கீலின் கால் வாசலிலேயே நின்றது. உங்க பையனா?

"வாய் கோணினது நேராயிடுச்சுன்னு அப்பா சொன்னார். வலது கை எப்படிம்மா இருக்கு? விரலை மடக்க முடியுதா? ...அழாதீங்கம்மா. கரண்டி பிடிக்காட்டி என்ன இப்போ? மெதுவா வரும்."

மிஷின் தடதடவென்று சுற்றி அடங்கியது. இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"கடைப் பலகாரம் வாங்கித் தரேன்னு அப்பா சொன்னப்ப நான் வேணாம்னது நல்லதாப்போச்சு. உங்க கைப்பக்குவம் இல்லேன்னு முதல் கடியிலேயே கண்டுபிடிச்சிருப்பான். அப்புறம் பரீட்சையாவது ஒண்ணாவது? அன்னைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான்."

கூடையிலிருந்து ஒரு சட்டை நழுவிக் கீழே விழுந்தது. வக்கீல் அதை எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். சாமியார் லேசாகச் சிரித்தான்.

"சேச்சே, சந்தேகமெல்லாம் வராதும்மா. இப்பக் கோவத்துல கத்துறான், யோசிச்சா நம்பிடுவான். போன வருஷம் எங்கம்மா கொடுத்தனுப்பினதை இவன்கிட்டேருந்து நிஜமாவே கஸ்டம்ஸ்ல பிடுங்கிட்டாங்களே. பாவம், அன்னைக்கு முழுக்க முகமே சரியில்ல அவனுக்கு."