பன்னிரண்டு ரொட்டிச் சோதனை

"இது ஆய்வுக்கூட அடுப்புன்னா, எங்க வீட்டுச் சமையலறை என்ன அணு உலையா?"

சுங்க அதிகாரி பஹ்னசாவி மரப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபடி கேட்டார். துறைமுகத்தின் பதினாலாம் கிடங்கின் சுமைக்காரர்கள் நான்கு பேரும் சத்தமாகச் சிரித்தார்கள். அவர் பேசினால் சிரிப்பதும் அங்கே வேலையில் சேர்த்திதான்.

கிளியரிங் ஏஜென்ட் இன்ஷிரா சிரிக்கவில்லை. அந்த மின்சார அடுப்பை வெளியே எடுக்க மூன்று வாரமாக அலைகிறாள். அதிகாரிகளை அங்கே எல்லோரும் மரியாதைக்கு 'பாஷா' என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளும் அப்படியே கூப்பிட்டாள்.

"பாஷா, கூட வந்த புத்தகத்தைப் படிங்க. முந்நூறு டிகிரி வரைக்கும் போகும். வெச்ச சூட்டுல அரை டிகிரி கூடப் பிசகாது."

"என் சம்சாரம் வைக்கிற சூடு கூடத்தான் பிசகாது. கதவு இருக்கா? இருக்கு. உள்ளே தட்டு மூணு இருக்கா? இருக்கு. அப்புறம் என்ன? நாலு காலு, நீள வாலு, மியாவ்னு கத்துது. நீங்க ஒட்டகம்னு எழுதிக் குடுத்தா நானும் ஒட்டகம்னு முத்திரை குத்தணுமா?"

"தொழிற்சாலை, ஆய்வுக்கூட மின் அடுப்புக்குன்னு வரிப் புத்தகத்துல தனித் தலைப்பே இருக்கு. அஞ்சு சதவீதம்."

"வீட்டு அடுப்புக்கும் தனித் தலைப்பு இருக்கு. நாப்பது சதவீதம். பொய் சொன்னதுக்கு அபராதம் தனி."

பஹ்னசாவி வாயால் மட்டும் பேசுகிறவர் அல்ல, சோதித்துப் பார்க்கிறவர். முந்தின நாள் தெருமுனை ரொட்டிக் கடையிலிருந்து பிசைந்த மாவு வரவழைத்து, அடுப்புக்கு மின்சாரம் கொடுத்து, பன்னிரண்டு ரொட்டி சுட்டார். அவித்த பீன்ஸையும் பச்சை வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு கிடங்கே உட்கார்ந்து தின்றது. பிறகு அறிக்கையில் கைப்பட எழுதினார்: 'ரொட்டி நன்றாக உப்பியது. இரு பக்கமும் சீராகச் சிவந்தது. எனவே இது வீட்டு அடுப்பு.'

"யாருக்கு வந்த சரக்குன்னு தெரிஞ்சா, நீங்களே தோள்ல தூக்கிட்டுப் போய்க் குடுப்பீங்க பாஷா" என்றாள் இன்ஷிரா.

"மூச்சு விடக் கூடாது!" அவர் விரலை உயர்த்தினார்.

போன வருடம் வந்த விதி அது. லஞ்சமும் சிபாரிசும் ஒழிய வேண்டும் என்று, இறக்குமதி செய்தவர் பெயர்மேல் கறுப்புத் தாள் ஒட்டித்தான் கோப்பு அதிகாரியின் மேசைக்கு வரும். பெயரைச் சொல்லும் ஏஜென்டுக்கு உரிமம் போய்விடும்.

"மந்திரி மச்சானா இருந்தாலும் எனக்கு ஒண்ணுதான். சிபாரிசு இந்தக் கிடங்கு வாசலைத் தாண்டாது."

அப்போது அவருடைய செல்போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நாளன்னிக்கு வியாழக்கிழமை. சீர் வண்டி ஊர்வலம். பீங்கான் செட் எங்க? தும்யாத்துலேர்ந்து வந்த கண்ணாடி அலமாரி காலியா பல்லை இளிக்குது. சம்பந்தியம்மா இப்பத்தான் வந்துட்டுப் போறா. 'நூத்தியிருபது உருப்படின்னு பேசினீங்க. செட் இல்லாத வண்டி எங்க தெருவுக்குள்ள நுழைஞ்சா கல்யாணமே இல்லை'ன்னு பக்கத்து வீட்டுக்கும் கேக்குற மாதிரி சொல்லிட்டா. ரீஹாம் கதவைச் சாத்திக்கிட்டு அழுவுறா."

"ஒன்பதாம் கிடங்குலதான் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள எடுத்துடறேன். பொண்ணை அழ வேண்டாம்னு சொல்லு."

போனை வைத்த எரிச்சலில் பேனாவை எடுத்தார்.

"ஒரே ஒரு நாள் பொறுங்க பாஷா. பொறியியல் கல்லூரியிலேர்ந்து நிபுணரைக் கூட்டிட்டு வர்றேன்."

"நிபுணரா? அவர் எத்தனை ரொட்டி சுட்டிருக்கார்?"

கையெழுத்துப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார். கோப்பு, முறையீட்டுக் குழுவுக்குப் போகும் பைக்குள் விழுந்தது.

"முடிஞ்சது. இனிமே நானே நெனச்சாலும் மாத்த முடியாது. குழுத் தலைவர் ஹஜ்ஜுக்குப் போயிருக்கார். வந்து, களைப்பு தீர்ந்து, கூட்டம் போட ரெண்டு மாசம் ஆகும்."

இன்ஷிரா தன் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பஹ்னசாவி அவள் தலை மறையும்வரை காத்திருந்து, ஒன்பதாம் கிடங்கு அதிகாரி ஜாபிரைப் போனில் கூப்பிட்டார். குரல் தானாகத் தணிந்தது.

"ஜாபிர், உன்கிட்ட ஒரு பீங்கான் செட் நிக்குதே... அது என்னுதுதாம்பா."

"அட, அண்ணே! முதல்லயே சொல்லக் கூடாதா? கறுப்புத் தாளுக்குள்ள நீங்க ஒளிஞ்சிருக்கீங்கன்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"பொண்ணு கல்யாணம்டா. விதியை எல்லாம் ஓரமா வெச்சிட்டு விட்டுத் தொலை."

"என் கையில இல்லையேண்ணே. அசல் பீங்கானா, வெறும் சுட்ட மண்ணான்னு பார்த்துத்தானே தலைப்புப் போடணும்? ஒரு தட்டை உடைச்சு நம்ம சுங்கத்துறை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிட்டேன்."

"உடைச்சிட்டியா!"

"சின்னத் தட்டுதாண்ணே. துண்டை நல்லாக் காயவெச்சு, தண்ணியில போட்டு, எவ்வளவு குடிக்குதுன்னு பார்ப்பாங்க. ஒரு நாள் வேலை."

"அப்ப நாளைக்குக் குடுத்துடுவாங்கல்ல?"

"அங்கதாண்ணே சிக்கல். காயவைக்கிற அடுப்பு கெட்டுப் போச்சாம். அது இல்லாம எதையும் தொட முடியாதாம். புதுசு ஒண்ணு கப்பல்ல வந்து மூணு வாரமா இங்கயே எங்கயோ கிடக்குதாம்." ஜாபிருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எவனோ ஒரு கழுதை அதுல ரொட்டி சுட்டுத் தின்னுட்டு விடமாட்டேங்கிறானாம். உங்களுக்குத் தெரிஞ்சவனா இருந்தா, கொஞ்சம் சிபாரிசு பண்ணுங்களேண்ணே!"