மூன்று முறை ஹோடி

மொம்பாசாவில் ஒரு வீட்டுக்குப் போனால், வாசலில் நின்று “ஹோடி”, உள்ளே வரலாமா, என்று மூன்று முறை கேட்போம். பதில் வராவிட்டால் திரும்பிவிட வேண்டும்.

மூட்டை தூக்கும் எனக்கு ஒரே மகன் அத்மான். அவன் போன பாய்மரக்கப்பல் மூழ்கிய மறுநாள் மதியம், எங்கள் வாசலில் அவன் குரல் மூன்று முறை “ஹோடி” என்றது. பயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

“பாவி மனுஷா, பெத்த புள்ளையத் திருப்பி அனுப்பிட்டியே!” என்றாள் மனைவி.

அன்றிலிருந்து தினமும் மதியம் இருவரும் வெளியே வந்து நிற்கிறோம். பித்தளைக் குமிழ் பதித்த எங்கள் பழைய கதவைப் படமெடுக்கும் பயணிகளிடம், “தள்ளி நில்லுங்க சாமி, எம்புள்ள வர்ற வழி,” என்று கெஞ்சுவாள்.

இன்று நாங்கள் உள்ளே போகத் திரும்பியபோது, ஆளில்லாத வீட்டின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“ஹோடி! அம்மாடா!” என்று மூன்று முறை கேட்டாள்.

ஈரக் காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. பதில் வரவில்லை.

நாங்கள் இன்னும் வாசலைவிட்டுப் போகவில்லை.