உப்புப் பூத்த சுவர்

“சாயங்காலம் நிறைஞ்சிருந்த தண்ணிக் கேன் காலையில காலின்னா, பேயா சார் வந்து குடிச்சிட்டுப் போச்சு?”

இந்துமதி கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். முத்துச்செல்வம் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கொத்துக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஆலந்தலைப் பக்கம், கடலைப் பார்த்து நிற்கிற பழைய பங்களா. முத்துக் குளித்த காலத்தில் சிப்பியை ஏலம் போட்ட இடம் என்பார்கள். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பயிற்சிக்கு வந்தவர்கள் அங்கே ஆளுக்கொரு சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசியிருந்தார்கள். நாளைக்குச் சோதனை. நல்ல பூச்சு யாருடையதோ அவருக்கு அங்கேயே வேலை.

இந்துமதிக்கா, முத்துச்செல்வத்துக்கா என்றுதான் பேச்சு.

பயிற்சியாளர் சிவபாலன் கடுப்பாகிவிட்டார்.

“போர்த் தண்ணி உப்பு. குடிக்கதுக்கு இருக்கது இந்த ஒரு கேன். எடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சா, அந்த ஆளுக்கு நாளைக்குச் சோதனை கிடையாது. அவ்வளவுதான்.”

இந்துமதிக்கு மண்டை குடைந்தது. அவ்வளவு தண்ணியும் எங்கே போகிறது?

சாயங்காலம் பஸ் வந்ததும் கூடப் பயிற்சிக்கு வரும் ஜெயபிரியா கூப்பிட்டாள். “ஏளா, ஏறு!”

“டிபன் பாக்ஸ மறந்துட்டேன். நீ போ.”

வாசலில் சிவபாலன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். “உளவு பாக்கப் போறியோ? ஆளு கிடைச்சா ஒரு குரல் குடு.”

உள்ளே தூணோரம் மறைந்து பார்த்தாள். முத்துச்செல்வம் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனான். சட்டியில் தண்ணியை ஊற்றினான். அதில் எதையோ பிசைந்து சுவரில் அப்பினான்.

அது அவன் சுவர் இல்லை.

“ஏல! என் சுவர என்னல பண்ணுத?”

அவன் கையிலிருந்து கூழ் பொத்தென்று விழுந்தது.

“கத்தாதளா. காகிதக்கூழுதான். நல்ல தண்ணில பிசைஞ்சு அப்புனா உப்ப இழுக்கும்னு வகுப்புல சொன்னாவல்லா.”

“என் சுவர்ல ஏது உப்பு?”

“லாரித் தண்ணி தீந்த அன்னைக்கு அவசரத்துல போர்த் தண்ணிய ஊத்திக் குழைச்சல்லா? பொழுது சாஞ்சா வெள்ளையாப் பூத்துருது. எல்லாரும் போனப்புறம் அப்பி வச்சு, காலைல நீ வாரதுக்குள்ள வந்து உரிச்சு எடுத்துருவேன்.”

இந்துமதி சுவரின் ஓரத்தை விரலால் தடவி நாக்கில் வைத்தாள். கரித்தது.

“எங்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?”

“சொன்னா நீ நேரா சார்ட்ட போய் நிப்ப. அவரு இடிச்சுப் பூசச் சொல்லுவாரு. சோதனைக்குள்ள காயுமா?”

“நான் தோத்தா உனக்குத்தானல வேலை?”

“உன் கைய ஜெயிச்சு வாங்குனா சரி. உப்பு ஜெயிச்சுக் குடுத்தா அது என்ன வேலை?”

கதவுப் பக்கமிருந்து சிவபாலன் குரல் வந்தது. செருப்புச் சத்தமும் கூடவே வந்தது.

“என்னம்மா, கள்ளன் கிடைச்சானா?”

முத்துச்செல்வம் கேனைத் தன் பின்னால் இழுத்தான். இந்துமதி கேனைப் பிடுங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மறுகையில் கூழை அள்ளினாள்.

“கிடைச்சாச்சு சார். நாந்தான்.”