பெட்டிச் சாவி

சத்தம் கேட்டு மாடியில் குடியிருக்கும் ஜெரோம் இறங்கி ஓடிவந்தான். கீழ்வீட்டில், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற அருளப்பன் தன் கைத்துப்பாக்கிப் பெட்டியை மடியில் வைத்திருந்தார். சாவி அவர் மனைவி சகாயசெல்வியின் கையில் இருந்தது.

“குடு செல்வி. சத்தியமா ஒண்ணே ஒண்ணுதான்.”

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க. ஆஸ்பத்திரி வாசல்ல நான்ல அழுதுகிட்டு நின்னேன்.”

“செத்தா நான்தான சாகப்போறேன்.”

“நீங்க போயிட்டா நான் யாரோட சண்ட போட?”

ஜெரோம் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினான். “வேணாம் ஐயா. உள்ள குண்டு இருக்காம்மா?”

சகாயசெல்வி சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டினாள். துப்பாக்கி வடிவில் வெட்டிய பஞ்சுக் குழிக்குள் மைசூர்பாகு அடுக்கியிருந்தது.

“நாளைக்கு நத்தத்துல பேத்திக்குப் புதுநன்மை, கோயில்ல மொதமொதலா நற்கருணை வாங்கப்போறா. அதுக்கு வாங்குனது தம்பி. எந்த டப்பாவுல ஒளிச்சாலும் இந்தச் சக்கர வியாதிக்காரரு கண்டுபிடிச்சுர்றாரு. எலெக்சன்னு துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிட்டாங்க. பெட்டி சும்மாதான கெடந்துச்சு.”

அருளப்பன் முறைத்தார். “எலெக்சன் முடிஞ்சு துப்பாக்கி வந்துரும்ல. அப்ப எங்க ஒளிப்ப?”

அவள் நகத்தளவு கிள்ளி அவர் வாயில் வைத்துவிட்டு, பெட்டியைப் பூட்டினாள்.

“அப்ப இத ஸ்டேஷன்ல ஒப்படைச்சுருவேன்.”