பட்டன் மெஷின் கண்

"கட்டுப் பிரிச்ச கையோட கிளம்பிடணும், புரியுதா? அழுகை, மூக்குச் சிந்தல் எல்லாம் வேணாம்," என்றார் மருமகன். கார்ச் சாவி அவர் விரலில் சுழன்றுகொண்டிருந்தது.

மகள் தலையாட்டினாள். கண்ணில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாதான் பதில் சொன்னாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க மாப்பிள்ளை. எனக்காக ஒரு மாசம் அனுப்பி வெச்சீங்களே, அதுவே பெரிய மனசு. பார்வை வந்துட்டா என் பொழப்பை நான் பாத்துக்குவேன்."

அதுதான் பேச்சு. அம்மாவுக்குப் பார்வை வந்த அன்றைக்கே மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துக் கொடுத்ததும் மருமகன்தான், காரில் அழைத்து வந்ததும் மருமகன்தான். அவர் ஒவ்வொரு கட்டிலாக நின்று நலம் விசாரித்த அழகில் வார்டே மயங்கிக் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரி நேற்றிலிருந்து அவர் புராணம்தான் பாடிக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ஒரு கண் எப்போதோ போய்விட்டது. மகளின் கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் மற்றதும் மங்கி, இப்போது நாலு வருஷமாக ஒரே இருட்டு. இந்த ஒரு மாசமும் மகளின் முகத்தைத் தடவிப் பார்க்க அவள் எவ்வளவோ முயன்றாள். "வேர்த்திருக்கும்மா", "மாவு ஒட்டியிருக்கும்மா" என்று மகள் நழுவிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு எப்படிடி தப்பிப்பே?" என்று சிரித்தாள் அம்மா. "ஆசை தீர உன் மொகத்தைப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

மகள் நெற்றி முடியைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தார். "கட்டை எடுக்கப் போறேன். கண்ணைச் சிமிட்டாம நேராப் பாக்கணும், சரியா?"

"நல்லா சொன்னீங்க, என்கிட்ட போய்! இருபது வருஷம் சட்டைக் கம்பெனியில பட்டன் மெஷின்ல உக்காந்தவ நான். சிமிட்டினா விரல்ல ஊசி இறங்கிடும். என் கண்ணு நான் சொன்னபடி கேக்கும் டாக்டரம்மா."

டாக்டர் சிரித்துக்கொண்டே பிளாஸ்திரியை உரித்தார். பஞ்சை எடுத்தார். அம்மா மெல்ல இமை திறந்தாள். அவள் முகம் மகள் நின்ற பக்கமாகத் திரும்பியது.

"தெரியுதா?" என்றார் டாக்டர்.

அம்மாவின் கை நீண்டு டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா... நான் தெரியறேனா?" என்றாள் மகள்.

"இல்லையேடி. ஒண்ணுமே தெரியலை. எல்லாம் இருட்டாத்தான் இருக்கு."

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு முறையும் அடித்துப் பார்த்தார். "ஆபரேஷன் சுத்தமா வந்திருக்கே. லென்ஸும் சரியா உக்காந்திருக்கு. தெரியாம இருக்கக் காரணமே இல்லையே!"

மருமகனின் விரலில் சாவி நின்றது.

"என்ன அத்தை, விளையாடறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தவர், யாரும் எதிர்பார்க்காமல் கையை மடக்கி ஓங்கினார். முஷ்டி அம்மாவின் கண்ணுக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. மகளின் கையிலிருந்த மருந்துப் பை தொப்பென்று தரையில் விழுந்தது. சொட்டு மருந்துப் புட்டி ஒன்று எங்கோ உருண்டு போனது.

அம்மாவின் இமை அசையவே இல்லை.

"என்ன விழுந்துச்சு?" என்றாள் பொதுவாக.

"அறிவிருக்கா உங்களுக்கு? நேத்து ஆபரேஷன் பண்ணின கண்ணு!" என்று சீறினார் டாக்டர். சீறியவர், மகள் பக்கம் திரும்பியதும் அவளையே உற்றுப் பார்த்தார். அவர் மணிக்கட்டிலிருந்து அம்மா இன்னும் கையை எடுக்கவில்லை.

டாக்டர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"சில பேருக்கு நாளாகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விடணும். பார்வை வர்ற வரைக்கும் மக கூடவே இருக்கணும்."

"வராமலே போயிட்டா?" என்றார் மருமகன்.

"அப்பவும் கூடத்தான் இருக்கணும்."

மருமகன் மகளை ஒரு முறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று வெளியே போனார். "பாவம், தங்கமான மனுஷன், அவருக்குப் போய் இப்படி ஒரு சோதனை!" என்று பக்கத்துக் கட்டில்காரி உச்சுக்கொட்டினாள். டாக்டரும் அடுத்த வார்டுக்குப் போனார்.

மகள் தரையில் மண்டியிட்டுப் புட்டியைத் தேடினாள். கண்ணீர் மறைத்ததில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கடைசியில் தேடுவதை விட்டுவிட்டு அழுதாள்.

"உனக்குப் பார்வை வரணும்னு நான் வேண்டாத நாள் இல்லைம்மா. ஆனா, கட்டைப் பிரிக்கிறப்ப... வந்துடக் கூடாதேன்னும் ஒரு நிமிஷம் நெனச்சுட்டேன். அதான் பலிச்சுடுச்சு. பாவி நான்."

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அது முழுக்கத் தேயும்வரை காத்திருந்த அம்மா, மகளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"புட்டி அந்தக் கட்டில் சக்கரத்துக்குப் பக்கத்துல கெடக்கு பாரு, எடு."

மகள் விருட்டென்று நிமிர்ந்தாள். அம்மாவின் விரல் தடுமாறாமல் வந்து, நெற்றி முடியை ஒதுக்கி, புருவத்துக்கு மேலே, முடிக்குள் முழுசாக மறையாமல் இருந்த தையல் தழும்பில் நின்றது.

"அவன் கை ஓங்கினது என் கண்ணுக்கு நேரா. ஆனா, பையைப் போட்டுட்டுத் தலையைப் பொத்திக்கிட்டது நீதான்டி."