மாதா திருநாளில் பிடித்த மீன்

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, காலை ஒன்பது நாற்பது, டுசல்டோர்ஃபில் தூறல். முதியோர் இல்லத்துச் சமையலறையின் பின்வாசலில், பனிக்கட்டிமேல் கிடக்கும் டொராடே மீன்களை, வரும் சரக்கைச் சரிபார்க்கும் செல்வரட்ணம் உற்றுப் பார்க்கிறார். இதய நோயாளருக்கான மத்தியதரைக்கடல் உணவு இன்றுதான் தொடங்குகிறது. அவர் ஒப்பமிட்டால்தான் மீன் உள்ளே போகும். பெட்டியின் சீட்டில், ‘இத்தாலி, கடலில் பிடித்தது, 15.08’ என்றிருக்கிறது. மன்னாரில் வலை இழுத்த அவர் விரல் அந்தத் தேதியில் நிற்கிறது. அன்று அவர் ஊரில் ஒரு படகும் இறங்காது. “மாதா திருநாளிலை ஆர், பிள்ளை, கடலுக்குப் போனது?” “இத்தாலிக்காரர் உங்களிட்டைக் கேட்டோ போறவை, அண்ணை?” சமையல் பொறுப்பாளர் யூலியா சிரிக்கிறாள். “பன்னிரண்டுக்குச் சாப்பாடு. கையெழுத்தை வையுங்கோ.”

அவர் ஒரு மீனின் வாலை விரிக்கிறார். ஓரம் மழுங்கித் தேய்ந்திருக்கிறது. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும். “பண்ணை வலைக்கூட்டுக்குள்ளை உரசி வளர்ந்த வால். இது கடலோடின மீனில்லை, பிள்ளை, சீட்டுப் பொய்.” யூலியாவின் சிரிப்பு அடங்குகிறது. “அப்ப மத்தியானத்துக்கு?” “பருப்பிருக்கு, ஒலிவ் எண்ணெய் இருக்கு. அதுவும் அந்தக் கரைச் சாப்பாடுதான்.” மீன் கொண்டுவந்த சாரதி மழையைப் பார்த்தபடி நிற்கிறான். செல்வரட்ணம் ஈரக்கையைத் துடைத்து, சரக்கு பெறும் தாளில் ‘ஏற்கவில்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டு, முழுப்பெயரும் எழுதி ஒப்பமிட்டு, தாளை அவனிடம் நீட்டுகிறார்.